மார்லிஸ் வாய் திறக்காத பதினாறு நாள்

தலைமைப் பயிற்சியாளர் வேலை தனக்கு இல்லை என்பதை மார்லிஸ் டைக்ஸ்ட்ரா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேவாலயத்துக் கூடத்தில் காபிக்கு வரிசையில் நிற்கும்போது தெரிந்துகொண்டாள். கல்லூரித் தலைவரின் மனைவி அவள் கையைப் பிடித்து, "இதை நீ இவ்வளவு பெரிய மனசோட எடுத்துக்கிட்டது எங்களுக்கெல்லாம் ஆறுதலா இருக்கு மார்லிஸ்" என்றாள். எதை எடுத்துக்கொண்டோம் என்று மார்லிஸுக்குத் தெரியாது. சிரித்து வைத்தாள். காபியை நிரப்பிக்கொண்டு நேராக வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கல்லூரியிலிருந்து அவளுக்கு முறைப்படி தொலைபேசி வந்தது மறுநாள் காலையில்தான்.

எங்கள் ஊர் ஹோல்ட்வில், அயோவாவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. பன்றிப் பண்ணைகள், சோளம், நாலு தேவாலயம், ஒரு கல்லூரி. நான் அங்கே வேதியியல் நடத்துகிறேன். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இருபத்துநாலு வருடமாக ஸ்கோர் புத்தகம் எழுதுவதும் நான்தான். வெளியூர் ஆட்டம் என்றால் அணியோடு பேருந்தில் போவேன். மார்லிஸ் வீடு எனக்கு எதிர்வீடு. பின்னால் அவளே என்னிடம் சொன்னதையும், நான் கண்ணால் பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாத ராய்" என்றாள்.

பத்தொன்பது வருடம் அவள் துணைப் பயிற்சியாளராக இருந்தாள். தடுப்பாட்டம் முழுக்க அவள் பொறுப்பு. பழைய தலைமைப் பயிற்சியாளர் நார்ம் பந்தைக் கூடைக்குள் போடுவதைப் பற்றி மட்டும் யோசிப்பார். எதிராளி போடாமல் பார்த்துக்கொள்வதை மார்லிஸிடம் விட்டுவிட்டார். குதிகால் தரையில் படாமல் நிற்பது, கையைத் தாழ்த்தாமல் வைப்பது, பந்தைப் பார்க்காமல் எதிராளியின் இடுப்பைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். அவள் குரல் பள்ளிக்கூட மணி மாதிரி. ஆட்டத்தின்போது பெஞ்சின் கோடியில் உட்கார்ந்துகொண்டு "இடது! இடது! ஸ்க்ரீன் இடது!" என்று கத்துவாள். எதிரணிக்காரி ஒருத்தி வந்து நம் பெண்ணின் வழியை மறித்துச் சுவர் போல நின்றுகொள்வதற்குத்தான் ஸ்க்ரீன் என்று பெயர். பந்து வைத்திருப்பவளையே பார்த்துக்கொண்டு ஓடும் பெண்ணுக்கு அந்தச் சுவர் கண்ணில் படாது. யாராவது சொல்லவேண்டும். மார்லிஸ் சொல்வாள்.

நார்ம் ஓய்வு பெற்றபோது அடுத்து மார்லிஸ்தான் என்று ஊரே நினைத்தது. அவளும் நினைத்தாள். புது ஜாக்கெட்கூட ஒன்று வாங்கிவைத்திருந்தாள். கணவன் டேல் மட்டும்தான் அதைப் பார்த்தான். வந்தது கென்ட்ரா டாலிவர். வயது முப்பத்தொன்று, ஊர் ஒமாஹா. சிவப்புக் கார், வேகமான பேச்சு, யாரைப் பார்த்தாலும் பெயரைக் கேட்டு அடுத்த முறை மறக்காமல் கூப்பிடும் பழக்கம். வந்த முதல் வாரமே பயிற்சியில் தடுப்பாட்டத்துக்கு இருந்த ஒரு மணி நேரத்தை இருபத்தைந்து நிமிடமாக வெட்டினாள்.

"நாம வேகமா ஓடி நிறையப் போடப்போறோம் மார்லிஸ். உங்க பகுதி அருமையா இருக்கு, அதுல நான் கை வைக்கலை. நேரத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கிறேன்."

"நீங்க சொன்னா சரி கோச்" என்றாள் மார்லிஸ்.

கென்ட்ராவைவிடப் பதினேழு வயது பெரியவள். கோச் என்று கூப்பிட அவசியமில்லை. கென்ட்ராவே இரண்டு முறை, "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தாள். மார்லிஸ் விடவில்லை. அந்த வார்த்தையை அவள் சொன்ன விதம் எதிரில் ஒரு கதவைச் சாத்துவது போல இருக்கும்.

நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. உள்ளூரில் எங்கள் பெண்கள் யாரையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் அரங்கம் பழையது, சின்னது. மரப்படிகள் மைதானத்தின் கோட்டை ஒட்டியே தொடங்கும். முன்வரிசையில் உட்கார்ந்தவர் காலை நீட்டினால் பந்து தடுக்கும். அங்கே வந்த ஒரு அணியும் அறுபது புள்ளியைத் தாண்டவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் கென்ட்ராவின் படத்தைப் போட்டு, 'டாலிவரின் இரும்புக் கதவு' என்று எழுதியது.

அன்று காலை மார்லிஸ் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் பத்திரிகை.

"இரும்புக் கதவாம். அவளுக்கு அதுல ஒரு ஆணியாவது தெரியுமா? சொல்லு பாப்போம்."

"ஊருக்குத் தெரியும் மார்லிஸ், யார் வேலைன்னு."

"தெரிஞ்சா எழுதியிருப்பான். எழுதினவன் யாரு? என்கிட்ட அல்ஜீப்ரா படிச்ச பய." பகலில் அவள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

வெளியூர் போனால் கதை வேறு. டிசம்பர் முடிவதற்குள் வெளியூரில் ஐந்து ஆட்டம் ஆடி நாலில் தோற்றிருந்தோம். உள்ளூரில் எதிரணிகள் சராசரியாக ஐம்பத்துமூன்று புள்ளி எடுத்தன. அதே தரத்து அணிகள் அவர்கள் ஊரில் எழுபது எடுத்தன. அதிலும் முதல் பாதியில் முப்பதுதான், இரண்டாம் பாதியில் நாற்பது. மார்லிஸ் இந்தக் கணக்கை என்னிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அவளிடம் விளக்கமும் தயாராக இருந்தது. "ஓட விட்டே பிள்ளைங்களைக் கொல்றா. ரெண்டாவது பாதியில காலு கெஞ்சுது. நம்ம ஊர்ல ஜனங்க கை தட்டித் தள்ளிவிடுறாங்க, ஓடிடுறாங்க. வெளியூர்ல யாரு தள்ளுவா?" இதைச் சத்தமாகச் சொல்லமாட்டாள். மளிகைக் கடையில், தேவாலயத்துச் சமையலறையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொல்வாள். ஜனவரிக்குள் ஊரில் பாதிப் பேர் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

தோற்றுத் திரும்பும் பேருந்தில் கென்ட்ரா முன்இருக்கையில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு வரிசை பின்னால் மார்லிஸ் சாண்ட்விச்சைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவாள். "தோத்த அன்னைக்குத்தான் எனக்குப் பசிச்சுது ராய்" என்று பிறகு சொன்னாள். "என் பிள்ளைங்க தோக்குறாங்க, எனக்கு அந்தச் சாண்ட்விச் ருசிக்குது. அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

அவளை எரித்த இன்னொன்று ஆட்டங்களின் ஒளிபரப்பு. கல்லூரி மாணவர்கள் இருவர் இணையத்தில் ஆட்டத்தைக் காட்டி வர்ணனை செய்வார்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் 'கோச் டாலிவரின் திட்டம்', 'கோச் டாலிவரின் பெண்கள்.' ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து முந்தைய நாள் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது மார்லிஸின் வழக்கம். அந்த வருடம் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். அந்தப் பெயர் காதில் விழக்கூடாது.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு. முந்தைய நாள் உள்ளூரில் பெரிய வெற்றி. டேல் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் ஆர்லோ ரென்சிங்க் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவன். ஆர்லோ பன்றி வளர்த்தவர், எழுபது தாண்டியவர். அணியில் முக்கியமான தடுப்பாட்டக்காரி ஜெனே அவர் பேத்தி. பெஞ்சுக்கு எதிர்க்கோடியில், கூடைக்குப் பின்னால் உள்ள படிகளில் அவரும் அவர் கூட்டமும் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

"சத்தத்தை வையேன்" என்றான் டேல். "நேத்து ஆர்லோ கத்தின கத்துக்கு என் காது இன்னும் அடைச்சுக்கிட்டு இருக்கு. கேட்டாச் சிரிப்ப."

"எனக்கு வேலை இருக்கு டேல்."

அவன் ஈரக் கையோடு வந்து பொத்தானை அமுக்கினான். இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர்களின் குரலுக்கு மேலே, கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது: "இடது! ஸ்க்ரீன் இடது, ஜெனே!" உடனே இன்னும் நாலைந்து குரல். "வலது! பின்னால பாரு, மேரன்! பின்னால!" ஒவ்வொன்றும் சரியான நொடியில். ஒவ்வொன்றும் மார்லிஸின் வார்த்தை, மார்லிஸின் ராகம்.

டேல் சிரித்தான். "உன்னை மாதிரியே கத்துறாங்க பாத்தியா? பத்தொன்பது வருஷமா உன் குரலைக் கேட்டுக் கேட்டுப் பாடமாயிடுச்சு. அந்தப் படிக்கட்டுல உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தனும் கோச்சுதான்."

மார்லிஸ் சிரிக்கவில்லை. ஆட்டத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். எங்கள் ஆட்டத்தின் விதிப்படி முதல் பாதியில் ஒவ்வொரு அணியும் தன் பெஞ்சுக்கு அருகில் உள்ள கூடையைக் காக்கும், இரண்டாம் பாதியில் எதிர்க்கோடிக் கூடையை. முதல் பாதியில் பெண்களின் காதில் மார்லிஸின் குரல். இரண்டாம் பாதியில் அவள் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. உள்ளூரில் அந்தக் கோடியில் ஆர்லோ இருந்தார். வெளியூரில் அந்தக் கோடியில் எதிரூர்க்காரர்கள் இருந்தார்கள்.

பெண்கள்? ஐந்து பேரின் வாயையும் அவள் கூர்ந்து பார்த்தாள். ஒருத்தி வாயும் அசையவில்லை. ஒருத்திக்கு ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. பேச அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததே இல்லை. எல்லாவற்றையும் சொல்லித்தந்தவள் அதை மட்டும் தானே வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அவள் என் வீட்டுக்கு வந்து நார்ம் காலத்து ஸ்கோர் புத்தகங்களைக் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, நிலவறையிலிருந்து பெட்டியோடு எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வருடத்து வெளியூர் ஆட்டங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் கூட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் அதே கதைதான். முதல் பாதியில் இறுக்கம், இரண்டாம் பாதியில் ஓட்டை. கென்ட்ரா ஒமாஹாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் பெண்கள் வெளியூரில் இப்படித்தான் தோற்றிருக்கிறார்கள். வெளியூர் என்றால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லாரும் விட்டிருந்தோம்.

மறுநாள் காலையிலேயே அவள் கென்ட்ராவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு வாரப் பயிற்சியில் சரிசெய்யத் தொடங்கக்கூடிய விஷயம். சொல்லவில்லை.

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சேன்" என்றாள் என்னிடம். "வெளியூர்லயும் ஜெயிப்பா. பத்திரிகைக்காரன் மறுபடி அவ படத்தைப் போடுவான். அதோட, ஊர் பூரா நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது பொய்னு ஆயிடும். தப்பு அவளோடது இல்ல, என்னோடதுன்னு நானே போய்ச் சொல்லணுமா? வாய் வரலை. நாளைக்குப் பாத்துக்கலாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளினேன்."

புதன்கிழமை தெற்கு டகோடாவில் பன்னிரண்டு புள்ளியில் தோற்றோம். சனிக்கிழமை உள்ளூரில் ஜெயித்தோம். ஆர்லோ தொண்டை கிழியக் கத்தினார், மார்லிஸ் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த புதன் மறுபடி வெளியூர், நாலு புள்ளியில் தோல்வி. திரும்பும் வழியில் கென்ட்ரா பின்னால் எழுந்து வந்து மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடுத்த வரிசையில் இருந்தேன்.

"மார்லிஸ், எனக்கு ஒண்ணும் புரியலை. ஓட்டத்தைக் குறைச்சும் பாத்துட்டேன். அதே கதைதான். இந்தப் பிள்ளைங்களை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நான் எதைப் பாக்காம விடுறேன்?"

மார்லிஸ் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி, "வெளியூர்னா அப்படித்தான் கோச்" என்றாள்.

கென்ட்ரா எழுந்து முன்இருக்கைக்குத் திரும்பிப் போனாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை நெப்ராஸ்காவில் ஆட்டம். பனிப்புயல் எச்சரிக்கை இருந்ததால் எங்கள் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாயிரம் பேர் நிறைந்த அரங்கம், எல்லாரும் அவர்கள் ஆட்கள். அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரி ஸ்லோன் என்று ஒரு உயரமான பெண். அவளைக் காக்கும் வேலை ஜெனே ரென்சிங்குக்கு. முதல் பாதியில் ஜெனே அவளை நாலே புள்ளியோடு நிறுத்தியிருந்தாள். இரண்டாம் பாதி தொடங்கி ஆறு நிமிடம் இருக்கும். ஸ்லோன் இடதுபக்கம் வெட்டி ஓடினாள். அவள் இடுப்பில் கண்ணை வைத்து, கற்றுக்கொடுத்தபடியே, முழுவேகத்தில் ஜெனே கூட ஓடினாள். வழியில் அவர்களுடைய நடு ஆட்டக்காரி, ஆறடி இரண்டு அங்குலம், காலை ஊன்றி அசையாமல் நின்றிருந்தாள். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆட்டம் அதுதான். எங்கள் மேரன் இரண்டடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் பெஞ்சின் கோடியிலிருந்து மார்லிஸ் எழுந்து "இடது!" என்று கத்தினாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஜெனேயின் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்த சத்தம் கேட்டதாக மேரன் பிறகு சொன்னாள்.

மறுநாள் தேவாலயத்தில் ஆர்லோ, மேசையில் பாதாம் ரொட்டியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் போய் ஜெனே எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"தூங்குறா. மாத்திரை குடுத்திருக்காங்க. கடைசி வருஷம், இனிமே அவ்வளவுதான் அவ ஆட்டம்." அவர் ரொட்டியைத் தள்ளிவைத்தார். "நான் போயிருக்கணும்மா. பனியாவது ஒண்ணாவது. அந்தக் கோடியில நான் இருந்திருந்தா கத்தியிருப்பேன்ல? பிள்ளை நின்னிருக்கும்ல?"

மார்லிஸ் அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். திங்கட்கிழமை கென்ட்ராவின் அறைக் கதவு வரை போய்த் திரும்பினாள். செவ்வாய்க்கிழமை உள்ளே போனாள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். ஒளிபரப்பின் சத்தம், ஆர்லோ, பழைய புத்தகங்கள், பேசக் கற்றுக்கொள்ளாத பெண்கள். கென்ட்ரா காகிதத்தில் குறித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பதினாறு நாள் ஆச்சு."

"பஸ்ல நான் உங்ககிட்ட வந்து கேட்டேன்."

"ஆமா."

"அப்பத் தெரியும்."

"தெரியும்."

கென்ட்ரா எழுந்து கதவைச் சாத்தினாள். "ஏன்?"

"பொறாமை" என்றாள் மார்லிஸ். "வேற பேரு வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டலை."

"என் மேலயா? நான் இந்த ஊர்ல பெட்ரோல் போடப் போனாக்கூட, மார்லிஸ் எப்படி இருக்காங்க, மார்லிஸ் இதைப் பத்தி என்ன சொல்றாங்கன்னுதான் என்கிட்டயே கேக்குறாங்க. பாதி நாள் உங்களைப் பாத்து நான் வயிறெரிஞ்சு கிடந்திருக்கேன். ஆனா அதுக்காக ஒரு பிள்ளை எலும்பை நான் உடைய விடலை." அவள் கதவைக் கைகாட்டினாள். "வெளியில போங்க. இல்ல, இருங்க. முதல்ல ஜெனேகிட்டயும் அவ வீட்டுலயும் இதை நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். சொல்லிட்டு, நாலு மணிக்குப் பயிற்சிக்கு வாங்க. வந்து வாயைத் திறக்காம உக்காருங்க."

மார்லிஸ் ரென்சிங்க் வீட்டுக்குப் போனாள். ஜெனே கையைத் தூக்குத்துணியில் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, "நீங்க சொல்லியிருந்தா மட்டும் மேரன் கத்தியிருப்பாளா? தெரியாதே கோச்" என்றாள். அப்படிச் சொன்னது மார்லிஸுக்கு ஆறுதலாக இல்லை. ஆர்லோ தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பண்ணைப் பக்கம் நடந்துவிட்டார்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ஆர்லோ தன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டார். அவர் கூட்டத்திடம் என்ன சொல்லிவைத்தாரோ, அந்தக் கோடியே வாய் மூடி இருந்தது. பெஞ்சின் கோடியில் மார்லிஸும் வாய் மூடி இருந்தாள். எங்கள் பெண்கள் திருவிழாவில் தொலைந்த குழந்தைகள் போல ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அந்த வருடத்தின் முதல் உள்ளூர்த் தோல்வி, அதுவும் பத்தொன்பது புள்ளியில். விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது. வாசலில் ஒரு அம்மாள் மார்லிஸ் காதுபட, "இவங்களை இன்னும் ஏன் வெச்சிருக்காங்க?" என்றாள். மார்லிஸ் நின்று, "அதான் எனக்கும் தெரியலை" என்றாள்.

கென்ட்ரா பயிற்சியை மாற்றினாள். தடுப்பாட்டத்துக்கு மறுபடி ஒரு மணி நேரம். கல்லூரி வாத்தியக் குழுவிலிருந்து ஆறு மேளக்காரர்களைக் கொண்டுவந்து மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்தாள். அந்த இரைச்சலுக்கு மேலே ஐந்து பெண்களும் ஒருவருக்கொருவர் கத்தவேண்டும். கத்தாதவள் வெளியே. முதல் மூன்று நாள் மேரன் பாதி நேரம் வெளியேதான் நின்றாள். நாலு அக்காக்களுக்குக் கடைசியாகப் பிறந்தவள், வீட்டில் வாய் திறக்க இடமே கிடைத்திருக்காது.

"என்னடி, உதடு மட்டும் அசையுது? ஜெபம் பண்றியா?" என்றாள் ஜெனே, ஒற்றைக் கையோடு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு.

"கத்தினா அசிங்கமா இருக்கு."

"உடைஞ்ச என் எலும்பைவிட அசிங்கமாவா?"

நாலாவது நாள் மேரன் கத்தினாள். கீச்சென்று, கதவு கிரீச்சிடுவது போல. மேளக்காரப் பையன் ஒருவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், மேரனும்தான். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

மார்லிஸ் தினமும் வந்து உட்கார்ந்தாள். பெண்களின் கால் வைப்பில் தவறைப் பார்த்தால் ஒரு அட்டையில் எழுதிக் கென்ட்ராவிடம் நீட்டினாள். கென்ட்ரா அதை வாங்கிப் படித்துச் சொன்னாள். இரண்டு பேரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

மார்ச்சில் போட்டித்தொடரின் அரையிறுதி. எங்கள் அதிர்ஷ்டம், மறுபடி அதே நெப்ராஸ்கா அரங்கம், அதே ஸ்லோன். இந்த முறை ஊரிலிருந்து இரண்டு பேருந்து ஆட்கள் வந்திருந்தும் அவர்களுக்குக் கூரையை ஒட்டி உச்சியில்தான் இடம் கிடைத்தது. முதல் பாதியில் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். இரண்டாம் பாதி தொடங்கியதும் எங்கள் பெண்கள் எதிர்க்கோடிக்குப் போனார்கள்.

அந்த இரைச்சலில் வார்த்தைகள் புரியவில்லை. ஆனால் ஐந்து வாயும் அசைவது தெரிந்தது. மேரன் கையை நீட்டிச் சுட்டிக்காட்டிக்கொண்டே கீச்சிட்டாள். யாருக்குச் சொல்கிறாளோ அவள் சரியான நேரத்தில் தோளைச் சாய்த்து நழுவினாள். ஸ்லோன் ஒரு பக்கம் வெட்டினால் அங்கே ஒருத்தி நின்றாள், மறுபக்கம் வெட்டினால் அங்கேயும். கடைசிப் பத்து நிமிடத்தில் அவர்கள் எடுத்தது ஒன்பது புள்ளி. ஏழு புள்ளியில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிவதற்குச் சற்று முன் நான் தலையைத் திருப்பி மார்லிஸைப் பார்த்தேன். பெஞ்சின் கோடியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. பெண்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டபோதும் எழுந்திருக்கவில்லை. பிறகு பேருந்தில் அதைப் பற்றிக் கேட்டேன்.

"மேரனைப் பாத்துப் பொறாமையா இருந்துச்சு" என்றாள். "பத்தொன்பது வயசு. அவ கத்துறா, மத்தவ கேக்குறா. நான் ஒருத்தி அங்க இல்லவே இல்ல. இருபது வருஷமா என் தொண்டைதான் இந்த அணின்னு நினைச்சிருக்கேன் ராய்."

"ஜெயிச்சுட்டோமே."

"ஜெயிச்சுட்டோம். அதுலயும் சந்தோஷம்தான். ரெண்டும் சேந்தே இருக்கு, என்ன பண்ண?"

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். எதிரணி எங்களைவிட நன்றாக ஆடியது, அவ்வளவுதான்.

கென்ட்ரா மார்லிஸை விலக்கவில்லை. ஆனால் வருட இறுதி அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். கல்லூரி மார்லிஸை ஒரு வருடம் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று தண்டித்தது. அந்த வருடம் அவள் பயிற்சிக்கு மட்டும் வந்தாள், ஆட்டங்களைப் படியில் உட்கார்ந்து டேலோடு பார்த்தாள். ஆர்லோ இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார். அவர் அவளோடு மறுபடி பேசியது அதற்கடுத்த இலையுதிர் காலத்தில், ஜெனேயின் கல்யாணத்தில்தான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

நாலாவது வருடம் கென்ட்ராவை இல்லினாயில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. கிளம்புவதற்கு முன் அவள் மார்லிஸ் வீட்டுக்கு வந்து, சமையலறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். என்ன பேசினார்கள் என்று மார்லிஸ் சொல்லவில்லை. போகும்போது அவளைக் கென்ட்ரா என்று பெயர் சொல்லி வழியனுப்பியதை மட்டும் என் ஜன்னலிலிருந்து கேட்டேன்.

காலியான வேலைக்கு மார்லிஸ் மறுபடி விண்ணப்பித்தாள். நேர்முகத்தில் அந்தப் பதினாறு நாளைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாளாம். வேலை கான்சாஸிலிருந்து வந்த ஒரு இருபத்தொன்பது வயது இளைஞனுக்குப் போயிற்று. பெயர் டெரெக் பாம். இந்த முறை கல்லூரியிலிருந்து யாரோ முன்கூட்டியே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

முதல் நாள் அந்த இளைஞன் பெட்டிகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது நானும் மார்லிஸும் போய்ப் பார்த்தோம். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் மேடம்" என்றான்.

"என்னென்ன கேள்விப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு நானே சொல்லிடறேன்" என்றாள் மார்லிஸ். "நான் பொறாமைக்காரி. உங்க நாற்காலியில நான் உக்காந்திருக்கணும்னு ஆசைப்பட்டேன், இப்பவும் ஆசைப்படுறேன். நான் சும்மா இருந்தேன்னா, ஏன் சும்மா இருக்கேன்னு என்னைக் கேளுங்க. ஒரு தடவை கேட்டு விட்டுடாதீங்க."

அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். என்னைப் பார்த்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மார்லிஸ் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அக்டோபர் மாதப் பயிற்சி அட்டவணையைக் கேட்டாள்.